தறிக்குழியும் படத்தில் ஏற வேண்டும்!

(ஆரணியில் நெசவாளர்களும் அரிசி ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



ஆரணி என்றால் பட்டு, ஆரணி என்றால் அரிசி என்று நாடு பேசுகிறது. அந்தப் பட்டை நெய்கிறவர்கள், நெல்லை அவித்துக் களத்தில் உலர்த்துகிறவர்கள், அந்த நெல்லை விளைவிக்கிறவர்கள் எல்லோரும் இன்று ஒன்றாகக் கூடியிருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை வந்தால் நம் மூவர் வீட்டு அடுப்பும் அணைகிறது. மழை நமக்கு விரோதியா? இல்லை. மழை இல்லாவிட்டால் நாம் இல்லை. பெய்த மழை போக வழியில்லாமல் வைத்திருக்கிறார்களே, அதுதான் விரோதி.

நெசவாளி வீட்டுக்குள் வந்து பாருங்கள். தறிக்கு முன்னால் குழி. குழிக்குள் கால், காலடியில் மிதி. தெருவில் தண்ணீர் முழங்கால் அளவு வரவேண்டியதில்லை. வீட்டுத் தரை நனைய வேண்டியதும் இல்லை. பூமிக்குள் ஈரம் ஏறினாலே குழியில் தண்ணீர் ஊறுகிறது. வாளியால் இறைத்தால் விடிவதற்குள் மீண்டும் ஊறுகிறது. பாவு ஈரம் குடித்துத் தளர்கிறது. தறி நிற்கிறது. தறி நின்றால் கூலி இல்லை; முதலாளியிடம் வாங்கிய முன்பணமோ நிற்பதில்லை, வளர்கிறது.

இந்த நஷ்டம் எந்த சர்க்கார் கணக்கில் இருக்கிறது?

இப்போது வெள்ள அபாயப் படம் என்று ஒன்றைப் பற்றிப் பேசுகிறார்கள். அது என்ன? மாயமில்லை. நிலம் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று அளக்கிறார்கள். இத்தனை சென்டிமீட்டர் மழை பெய்தால், இத்தனை அகலமுள்ள கால்வாய் எவ்வளவு தண்ணீரைக் கொண்டுபோகும், மீதி எந்தத் தெருவில் தேங்கும் என்று கணக்குப் போட்டு வர்ணம் தீட்டுகிறார்கள். நல்ல காரியம். விஞ்ஞானத்தை நாம் வரவேற்கிறோம்.

2024 டிசம்பர் 1-ந் தேதி, பெஞ்சல் புயல் மழையில், நம் திருவண்ணாமலையில் மலைச்சரிவு மண் வீட்டின் மேல் விழுந்து 7 பேர் மாண்டார்கள். மறுநாள் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் பாய்ந்தது. ஆபத்தான இடம் எது என்பதை உயிர் போவதற்கு முன்பு ஜனங்கள் அறிய வேண்டாமா?

ஆனால், தோழர்களே, படம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. சென்னையைப் பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு விஞ்ஞானிகள் அந்த நகரத்துக்கு வெள்ள முன்னெச்சரிக்கை முறையையே உருவாக்கினார்கள். ஆனாலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மூழ்கின. சதுப்பு நிலத்தின் மேல் எழும்பிய கட்டடங்கள் அப்படியே நின்றன. அடையாற்றங்கரைக் குடிசைவாசிகளை மட்டும் பிடுங்கி, அதே சதுப்பு நிலத்தை ஒட்டிய பெரும்பாக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அங்கேயும் தண்ணீர் அவர்களைத் தேடி வந்தது! பணக்காரனுக்குப் படம், ஏழைக்கு வெளியேற்றம் – இதுவா நியாயம்?

வேறு வழி உண்டு. ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டுத் தாருஸ்ஸலாம் நகரில், 2015 முதல் பல்கலைக்கழக மாணவர்களும் குடிசைப் பகுதி ஜனங்களும் சேர்ந்து தெருத் தெருவாக நடந்து, சாக்கடை எது, அடைப்பு எங்கே, தண்ணீர் எந்த அளவு ஏறியது என்று குறித்துத் தங்கள் பகுதிப் படத்தைத் தாங்களே வரைந்தார்கள். அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

நமக்குத் தெரிந்ததை எந்த வானத்துக் கருவியும் அறியாது. ஜவ்வாது மலையில் பெய்த மழை செண்பகத்தோப்பு வழியாகக் கமண்டல நாகநதியில் வந்து சேரும் நேரத்தைக் கரையோரத்துக் கூலிக்காரர் சொல்வார். எந்த ஏரியின் கலங்கல் வழிந்தால் எந்தக் களம் முதலில் நனையும் என்று ஆலைத் தொழிலாளி சொல்வார். எந்தத் தெருவில் எத்தனை குழிகள் ஊறுகின்றன என்று நெசவாளி சொல்வார். ஒவ்வொரு தறிக்குழியும் ஒரு அளவுகோல் அல்லவா?

ஆகவே இந்த மழைக்கு முன்பே வேலையைத் தொடங்குவோம். தெருவுக்கு இருவர் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் புறப்படட்டும். குழியில் தண்ணீர் வந்த தேதி, எத்தனை விரற்கடை, எத்தனை நாள் தறி நின்றது, எந்தக் கால்வாய் அடைந்தது – எல்லாவற்றையும் எழுதுங்கள். ரெவின்யூ இலாகாவின் பழைய கிராமப் படத்தை வாங்கிப் பக்கத்தில் வையுங்கள். ஏரியும் வரத்துக் காலும் ஓடையும் அதில் சர்வே நம்பரோடு இருக்கின்றன. அங்கே ஓடை இருக்கிறது, நேரில் போனால் மதில் சுவர் நிற்கிறது என்றால், அந்த மதில் யாருடையது என்று ஊரறியக் கேளுங்கள். 2005-ல் வந்த தகவல் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. 2007-ல் வந்த ஏரிப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. சட்டம் குடிசையின் மேல் மட்டும் பாய்வதற்காகப் போடப்பட்டதல்ல.

நம் கோரிக்கைகள் இவை:

வெள்ளப் படத்தை நகராட்சிச் சுவரில் எல்லோரும் பார்க்க ஒட்ட வேண்டும். தறிக்குழி ஊறும் தெருக்களையும் நெல் களங்களையும் அதில் சேர்க்க வேண்டும். மழைக்கு முன்பு கால்வாய்களைத் தூர்வார வேண்டும். வேலையை நம் உழைப்பாளிகளுக்கே, முழுக் கூலியுடன் தர வேண்டும். கரையோரத்து ஏழைகளை அப்புறப்படுத்தித்தான் ஆகவேண்டும் என்றால், இதே ஊரில் மேட்டு நிலத்தில் முதலில் வீடு, பிறகே இடமாற்றம். கடலோரத்தில் மீன்பிடித் தடைக்காலத்துக்கு நிவாரணம் உண்டு. அதைப் போல மழையால் தறி நின்ற நாளுக்கும், களம் நின்ற நாளுக்கும், வயல் மூழ்கிய நாளுக்கும் நிவாரணம் வேண்டும்.

தோழர்களே! நெசவாளி தனியாகக் கேட்டால், அது ஒரு தெருவின் முறையீடு. மூவரும் சேர்ந்து நோட்டுப் புத்தகத்தை நீட்டினால், அது ஊரின் சாட்சியம். சாட்சியத்தைத் தட்டிக்கழிப்பது எளிதல்ல. நாளைக் காலையே நோட்டை வாங்குங்கள். முதல் பக்கத்தில் உங்கள் தெருவின் பெயரை எழுதுங்கள்!