மேலிருந்து பார்த்தால் போதுமா?



முதலாண்டு இயற்பியல் லேபில் ஸ்பெக்ட்ரோமீட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு, அளவைப் பக்கத்து மேசையைப் பார்த்து எழுதியவர்களில் நானும் ஒருவன். அந்தக் கருவிதான் பிற்பாடு எனக்குச் சோறு போடும் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

சாதாரணச் செயற்கைக்கோள் கேமரா, நிலத்திலிருந்து வரும் ஒளியை ஏழெட்டு அகலமான பட்டைகளாகப் பிரித்துப் பார்க்கும். 2000-ல் அமெரிக்கா ஏவிய இஓ-1 செயற்கைக்கோளில் இருந்த ஹைப்பீரியன் என்னும் கருவியோ, அதே ஒளியைச் சுமார் 10 நானோமீட்டர் அகலமுள்ள 220 பட்டைகளாகப் பிரித்தது. 30 மீட்டர் சதுரமான ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் தனித்தனி நிறமாலை! 2018 நவம்பர் 29-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நமது ஹைசிஸும் இந்த இனந்தான்.

இத்தனை பட்டைகள் எதற்கு? என் கதையையே சொல்கிறேன். வேலையில் சேர்ந்த புதிதில், கோடைகாலப் படம் ஒன்றைச் சாதாரணப் பட்டைகளில் பார்த்து, பச்சை இல்லாத இடத்தையெல்லாம் 'வெற்று நிலம்' என்று குறித்துவிட்டேன். சரிபார்க்க நேரில் போனோம். வரப்பில் நின்ற பெரியவர் ஒருவர் விவரம் கேட்டுவிட்டு, "ஏன் தம்பி, மண்ணு காத்துல போயிடக் கூடாதுன்னுதான் சோளக் கட்டையை உழாம விட்டு வச்சிருக்கேன். இதைப் போய் வெறும் பொட்டல்னு எழுதிட்டீங்களே?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. மண்ணைக் காத்த மனிதரையும் காக்காதவரையும் என் வரைபடம் ஒரே நிறத்தில் காட்டியிருந்தது.

காய்ந்த தாளில் உள்ள செல்லுலோஸ் 2,100 நானோமீட்டருக்கு அருகே ஒளியைச் சற்று உறிஞ்சும். களிமண் கனிமங்கள் 2,200-க்கு அருகே உறிஞ்சும். அகலமான பட்டை ஒன்றுக்குள் இரண்டும் சேர்ந்து மறைந்துவிடும். மெல்லிய பட்டைகள்தான் காட்டிக் கொடுக்கும்.

ஆனால் அதற்கும் எல்லை உண்டு. தாள் நனைந்திருந்தால் அந்த அடையாளம் மங்கிவிடும். ஒரே சதுரத்தில் தாளும் மண்ணும் நிழலும் கலந்தே கிடக்கும். ஆகவே எத்தனை பட்டை இருந்தாலும், சில இடங்களுக்காவது நேரில் போய்ப் பார்க்காமல் நான் இப்போது வரைபடத்தில் கையெழுத்துப் போடுவதில்லை.

பக்கத்து மேசையைப் பார்த்து எழுதும் பழக்கம் எனக்கு அந்த வரப்பில்தான் விட்டது. நம் லேபிலேயே விட்டிருக்கலாம். பேராசிரியர்கள் மன்னிக்க வேண்டும்.