வேலையை நிறுத்தும் நேரம்

“நேரம் போதவில்லை” என்று சொல்லாத உத்தியோகத்தரைக் காண்பது அரிது. நேரத்தைச் சிக்கனமாகச் செலவிடும் வழிகளைக் கூறும் நூல்களுக்கும் குறைவில்லை. அவற்றுட் பல வேலையை எப்போது தொடங்கவேண்டும் என்று சொல்லும். எப்போது நிறுத்தவேண்டும் என்று சொல்லா.

ஆங்கில நாவலாசிரியர் அந்தனி ட்ரொலப் 1834ஆம் ஆண்டிலே, தமது பத்தொன்பதாவது வயதில், இலண்டன் தபால் தலைமையகத்தில் இலிகிதராகச் சேர்ந்தார். நேரந்தவறி வருபவர் என்பதே அங்கு அவர் பெற்ற பெயர். 1841இல் அயர்லாந்துக்கு மாற்றம் பெற்ற பின்னரே ஆள் மாறினார். பிற்காலத்தில், தபாற் சேவையை விடாமலே, அதிகாலை ஐந்தரை மணிக்கு எழுதுமேசையில் அமர்வதை வழக்கமாக்கிக்கொண்டார். கடிகாரம் கண்முன் இருக்கும்; கால்மணிக்கு 250 சொற்கள் என்பது கணக்கு. தம்மை எழுப்பிக் கோப்பி கொடுப்பதற்கென்றே முதிய பணியாளர் ஒருவருக்கு ஆண்டுக்கு 5 பவுண் மேலதிகமாகக் கொடுத்தார். அவர் எழுதிய நாவல்கள் மொத்தம் 47.

இக்கதையைச் சொல்வோர் பெரும்பாலும் இவ்விடத்திலேயே நின்றுவிடுவர். மறுபாதியும் உண்டு. நாளொன்றுக்கு மூன்று மணித்தியால எழுத்து ஒருவருக்குப் போதும் என்பது ட்ரொலப்பின் துணிபு. காலை உணவுக்கு முன் பேனா கீழே வைக்கப்பட்டுவிடும். அதன்பின் தபால் வேலை, வாய்த்த நாட்களிற் குதிரையேறி வேட்டை, மாலையிற் சீட்டாட்டம். தொடக்க நேரத்திற் காட்டிய கண்டிப்பை முடிவு நேரத்திலும் காட்டியமையே அவர் நெடுங்காலம் தளராது எழுதியதற்குக் காரணம் எனலாம்.

ஒரு மனிதரின் வாழ்க்கை எல்லோர்க்கும் சான்றாகுமா என்று கேட்பது நியாயமே. முதலாம் உலகப் போரின்போது பிரித்தானியாவின் ஆயுதத் தொழிற்சாலைகளிலே ஆண்களும் பெண்களும் ஞாயிறு விடுமுறையுமின்றி உழைத்தார்கள். போர்முனையிற் குண்டுகள் தட்டுப்பாடாயிருந்த காலம். ஓய்வு என்ற சொல்லே துரோகம்போல ஒலித்திருக்கும். 1915இல் அத்தொழிலாளரின் சுகநலனை ஆராய அரசாங்கம் ஒரு குழுவை நியமித்தது. ஞாயிறு வேலையைக் கைவிடுமாறு அக்குழு கூறியது. அன்று திரட்டப்பட்ட கணக்குகளைப் பொருளியல் அறிஞர் ஜோன் பென்கவெல் 2014இல் மீண்டும் ஆராய்ந்தார். வாரத்துக்கு 70 மணித்தியாலம் உழைத்து முடித்த வேலை, 56 மணித்தியாலத்தில் முடித்த வேலையிலும் பெரிதும் வேறுபடவில்லை என்று கண்டார். எஞ்சிய பதினான்கு மணித்தியாலமும் வீணாயின.

வீணானால் மட்டும் போகட்டும் என்று விட்டுவிடலாம். வாரத்துக்கு 55 மணித்தியாலமும் அதற்கு மேலும் உழைத்ததன் விளைவாகப் பாரிசவாதத்தாலும் இருதய நோயாலும் 2016ஆம் ஆண்டில் 7,45,000 பேர் மாண்டனர் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் மதிப்பிட்டன.

இனி நம் நாட்டு ஆசிரியை ஒருவரை எண்ணிப் பார்ப்போம். ஐந்து வகுப்புகள், வகுப்புக்கு நாற்பது பிள்ளைகள். ஆக இருநூறு கொப்பிகள். கொப்பிக்கு மூன்று நிமிடம் என்றாலும் பத்து மணித்தியாலம் வேண்டும். பையை நிரப்பிக்கொண்டு வீடு செல்கிறார். சமையல் முடிந்து, பிள்ளைகள் உறங்கியபின் திருத்தத் தொடங்குகிறார். பத்து மணிக்குமேல் எழுத்துப் பிழைகள் கண்ணிற் படுவதில்லை. சிவப்பு மையினாற் சரி போடுவது மட்டும் நடக்கிறது. மறுநாட் காலை, வகுப்பில் ஒரு பிள்ளை கேட்கும் சாதாரணக் கேள்விக்கு எரிந்து விழுகிறார். நேற்றுவரை விரும்பிய தொழிலில் இன்று வெறுப்புத் தட்டுகிறது. தொழிற்சோர்வு என்பது பெரும்பாலும் இப்படித்தான், ஓசையின்றி வந்து சேர்கிறது.

அவர் செய்யக்கூடியவை சில உண்டு. ஒவ்வொரு தவணைப் பயிற்சியிலும் எல்லாக் கொப்பிகளையும் வரிக்கு வரி திருத்தவேண்டியதில்லை. நாளுக்கு ஒரு வகுப்பின் கொப்பிகளை எடுத்து, எஞ்சியவற்றில் பொதுவான பிழைகளைக் கரும்பலகையில் விளக்கலாம். மனந்தெளிந்த காலைப்பொழுதின் ஓய்வு பாடவேளையைக் கடினமான வேலைக்கு ஒதுக்கி, பதிவேடு நிரப்புவதைப் பிற்பகலுக்கு விடலாம். கைத்தொலைபேசியில் இரவு ஒன்பது மணிக்கு வரும் அறிவித்தலைக் காலையிற் பார்த்தாலும் பாடசாலை இடிந்துவிடாது.

எனினும், இருவர் செய்யவேண்டிய வேலை ஒருவர் தலையிற் சுமத்தப்பட்டிருக்குமாயின் எந்த நேரசூசியும் அதைத் தீர்க்காது. 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளுக்கு எட்டு மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று வரையறுத்தது. வீட்டுக்குக் கொண்டுசெல்லும் கொப்பிக்கட்டுக்கு அத்தகைய வரையறை எதுவும் இல்லை. அந்தச் சுமை எவ்வளவு என்பது சுமப்பவருக்குத் தெரியும். பகிர்ந்தளித்தவருக்குப் பெரும்பாலும் தெரியாது. ஆகவே வேலைகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரத்தையும் குறித்து, அதிபரின் மேசையில் வைப்பது முறைப்பாடு ஆகாது. அந்தத் தாளைப் பார்த்தபின் எதை ஒத்திவைப்பது, எதை வேறொருவரிடம் கொடுப்பது என்று தீர்மானிக்கவேண்டியவர் அதிபரே.