காப்புறுதி நிறுவனம் கடையைக் கட்டினால்...



காப்புறுதி என்றதும் நம்மில் பலருக்கு மோட்டார் சைக்கிளும் வீடும் நினைவுக்கு வரும். அதற்கு அடுத்தபடி நம் உயிர். நாய்க்கும் பூனைக்குமா காப்புறுதி என்று சிரிப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். ஆனால் ஜோர்ஜ்டவுனில் ஒரு மிருக வைத்தியரிடம் அறுவைச் சிகிச்சைக்குப் பணம் கட்டி வந்தவரைக் கேட்டுப் பாருங்கள், அவர் சிரிக்கமாட்டார். எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை, மயக்க மருந்து, இரண்டு நாள் படுக்கை என்று எல்லாம் சேர்ந்தால் ஒரு சாதாரணக் குடும்பத்தின் மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி போய்விடும்.

இது புதிதாக வந்த வழக்கமும் அல்ல. சுவீடன் நாட்டில் 1924-ஆம் ஆண்டிலேயே ஒரு நாய்க்குக் காப்புறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். அமெரிக்காவில் 1982-இல் முதல் பத்திரம் பெற்றது, தொலைக்காட்சியில் லஸ்ஸி வேடம் போட்ட நாய். மாட்டுக்குக் காப்புறுதி என்றால் நம் தமிழ்நாட்டுக் கிராமத்து விவசாயிக்கும் தெரியும். மாட்டின் காதில் ஒரு வில்லையைக் குத்தி அதன் எண்ணைப் பத்திரத்தில் எழுதுவார்கள். மாடு இறந்த பிறகு அந்தக் காதுவில்லையைக் காட்டாவிட்டால் பணம் கிடைப்பது கடினம். இந்தக் காதுவில்லையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதற்கு வேலை இருக்கிறது.

இன்றைக்கு நான் பேச வந்தது வேறொரு தொல்லையைப் பற்றி. ஆண்டுதோறும் தவறாமல் சந்தா கட்டி வருகிறீர்கள். ஒரு நாள் கடிதம் வருகிறது: "இவ்வகைக் காப்புறுதியை நாங்கள் நிறுத்திக்கொள்கிறோம், உங்கள் பத்திரம் புதுப்பிக்கப்படமாட்டாது." அப்போது என்ன செய்வது?

இப்படி நடக்குமா என்று கேட்கலாம். நடந்திருக்கிறது. அமெரிக்காவில் நேஷன்வைடு என்னும் பெரிய நிறுவனம், சுமார் ஒரு லட்சம் வளர்ப்புப் பிராணிப் பத்திரங்களைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று 2024-இல் அறிவித்தது. வைத்தியச் செலவு ஏறிக்கொண்டே போகிறது என்பது அது சொன்ன காரணம். நாய் கிழடா குட்டியா, பணம் கோரியதா இல்லையா என்று பார்த்து விலக்கியதல்ல. குறிப்பிட்ட சில திட்டங்களையே மொத்தமாக மூடினார்கள். ஆனால் அடி யாருக்குப் பலமாக விழுந்தது? பத்து வயது நாயை வைத்திருந்தவருக்குத்தான். குட்டியை வைத்திருந்தவர் அடுத்த கடைக்குப் போய்விடலாம்.

நம் நாட்டிலும் காப்புறுதி நிறுவனங்கள் வருவதும் போவதும் உண்டு. குர்னியா நிறுவனத்தை 2012-இல் அம்பேங்க் குழுமம் வாங்கியது. அம்ஜெனரல் 2022-இல் லிபர்ட்டியிடம் போனது. அதே ஆண்டில் அக்சா அஃபின் ஜெனரலை ஜெனராலி எடுத்துக்கொள்ள, அக்சா என்ற பெயர் நம் நாட்டுப் பலகைகளிலிருந்து மறைந்தது. இத்தகைய மாற்றத்தில் பத்திரதாரர் பயப்பட வேண்டியதில்லை. ஒரு நிறுவனத்தின் காப்புறுதி வியாபாரத்தை இன்னொன்றுக்கு மாற்றுவதென்றால், 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டப்படி உயர்நீதிமன்றம் அதை உறுதிப்படுத்த வேண்டும். பலகையில் பெயர் மாறினாலும் பத்திரம் செல்லும்.

நிறுவனமே நொடித்துப்போவது முற்றிலும் வேறு. 1960-களின் தொடக்கத்தில் மலாயாவில் ஆயுள் காப்புறுதி நிறுவனங்கள் காளான்போல் முளைத்த காலம் ஒன்று இருந்தது. அதன் பிறகே 1963-இல் காப்புறுதிச் சட்டம் வந்தது. 1988-இல் மேற்பார்வைப் பொறுப்பை பேங்க் நெகாரா ஏற்றது. உறுப்பு நிறுவனம் ஒன்று விழுந்துவிட்டால் பத்திரதாரரைக் காக்கும் திட்டத்தை பி.ஐ.டி.எம். கழகம் 2010-ஆம் ஆண்டு இறுதியிலிருந்து நடத்தி வருகிறது.

நமக்குத் தலைவலி தருவது மூன்றாவது வகை. நிறுவனம் நன்றாக இருக்கும், வாகனக் காப்புறுதியும் தீக்காப்புறுதியும் விற்றுக்கொண்டிருக்கும். நாய், பூனைக் காப்புறுதியை மட்டும் கைவிடும். இதில் சட்டத்தை மீறியதாகச் சொல்ல இடமில்லை. பொதுக் காப்புறுதி என்பது பெரும்பாலும் ஓராண்டு ஒப்பந்தம். ஆண்டு முடிந்தால் இரு தரப்பும் கைகுலுக்கிப் பிரியலாம். பத்து ஆண்டு கட்டினேனே என்று வாதாடிப் பயனில்லை. இது நியாயமா என்று என்னைக் கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் நடைமுறை அதுதான்.

ஆகவே கடிதம் வந்தவுடன் தேதியைப் பாருங்கள். உடனே நின்றுவிடுகிறதா, ஆண்டு முடியும்வரை ஓடுகிறதா? பெரும்பாலும் ஆண்டு முடியும்வரை ஓடும். கோபத்தில் நீங்களே பத்திரத்தை ரத்து செய்துவிடாதீர்கள். மிச்சமிருக்கும் மாதங்கள் உங்களுக்குப் பொன் போன்றவை. தள்ளிப்போட்டு வந்த பரிசோதனை, சிகிச்சை ஏதும் இருந்தால், பத்திரம் எவற்றுக்குப் பணம் தரும் என்று பார்த்து அந்தக் காலத்துக்குள் முடித்துவிடுங்கள். முடிவுத் தேதிக்கு முன் தொடங்கி அதற்குப் பின்னும் தொடரும் சிகிச்சைக்குப் பணம் உண்டா என்பதை எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். முகவர் வாயால் சொன்னதை யாரிடம் போய்க் காட்டுவது?

அடுத்து, புதிய நிறுவனத்தைத் தேடும்போது ஒரு சுவர் குறுக்கே நிற்கும். அதன் பெயர் 'முன்பே இருந்த நோய்'. ஜெலுத்தோங்கில் ஒருவர் எட்டு வயது நாய் வளர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மூன்று ஆண்டுகளாகத் தோல் அரிப்பு. சென்ற ஆண்டு வலது பின்னங்காலில் தசைநார் அறுந்து அறுவைச் சிகிச்சை நடந்தது. பழைய நிறுவனம் இரண்டுக்கும் பணம் கொடுத்தது. புதிய நிறுவனமோ தோல் நோயை ஒதுக்கிவிடும். காலையும் ஒதுக்கும். அதுமட்டுமா? பல பத்திரங்களில் ஒரு காலுக்கு வந்தால் மறுகாலுக்கு வருவதும் அதே நோய்தான் என்று ஒரு வாசகம் இருக்கும். ஆக, நல்ல இடது காலுக்கும் காப்பு இல்லை. வயது வரம்பு வேறு இருக்கிறது. குறிப்பிட்ட வயதைத் தாண்டிய பிராணியைப் புதிதாகச் சேர்க்க மறுக்கும் நிறுவனங்கள் உண்டு.

இந்தச் சுவரை முழுக்க இடிக்க முடியாது. கொஞ்சம் குறைக்கலாம். வைத்தியரிடமிருந்து முழு மருத்துவப் பதிவையும் கேட்டு வாங்குங்கள். எந்த நோய் எப்போது குணமாயிற்று என்று தேதியோடு எழுதித் தரச் சொல்லுங்கள். குணமான நோய் வேறு, நாள்பட்ட நோய் வேறு. இத்தனை மாதம் அறிகுறி இல்லாதிருந்தால் மீண்டும் சேர்த்துக்கொள்வீர்களா என்று புதிய நிறுவனத்தைக் கேளுங்கள். சில நிறுவனங்கள் இணங்கும். தடுப்பூசிப் பதிவையும் சேர்த்து வைக்கவேண்டும். பினாங்கில் 2015 செப்டம்பரில் வெறிநாய்க்கடி நோய் பரவியபோது அந்தச் சிறு அட்டையின் அருமை ஊருக்கே தெரிந்தது. நகராண்மைக் கழகத்தின் நாய் உரிமமும் கையில் இருக்கட்டும்.

முன்பு சொன்ன காதுவில்லை இங்கேதான் வருகிறது. நாய், பூனைக்கு அதன் வேலையைச் செய்வது தோலுக்கடியில் வைக்கும் அரிசி மணியளவு மைக்ரோசிப். இந்தப் பிராணிதான் அந்தப் பிராணி என்று காட்டாமல், மருத்துவப் பதிவு எத்தனை பக்கம் இருந்தும் என்ன பயன்? சிப் எண் வைத்தியர் சீட்டிலும் பத்திரத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

நோயை மறைத்துவிடலாமே என்று யோசனை சொல்ல ஆள் கிடைப்பார். கேட்காதீர்கள். மேற்சொன்ன 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணைப்படி, கேட்ட கேள்விக்குத் தவறான தகவல் தராதபடி கவனம் எடுப்பது உங்கள் கடமை. தெரிந்தே பொய் சொன்னால் நிறுவனம் ஒப்பந்தத்தையே செல்லாததாக்கலாம். சந்தாவும் போய், பணமும் போய்விடும்.

புதிய பத்திரத்தில் காத்திருப்புக் காலம் உண்டு. நோய்க்கு வழக்கமாக 14 நாள், சிலவற்றில் 30 நாள். அந்த நாட்களுக்குள் நோய் வந்தால் காசில்லை. எனவே பழையது முடிவதற்கு ஒரு மாதம் முன்னதாகவே புதியதைத் தொடங்குங்கள். இரண்டு சந்தா கட்டும் ஒரு மாதம் வீண் அல்ல. ஆனால் ஒரே சீட்டுக்கு இரண்டு இடத்திலும் முழுப்பணம் வாங்க முடியாது.

எந்த நிறுவனமும் ஏற்காத கிழட்டு நாய்க்கு? விபத்துக்கு மட்டும் காப்பு கிடைக்குமா என்று கேளுங்கள். நோய்க்கு, பழைய சந்தாத் தொகையை மாதாமாதம் தனிக் கணக்கில் போட்டு வருவதே வழி. மாதம் 60 வெள்ளி என்றால் ஆண்டுக்கு 720 வெள்ளி. பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் போதாது, ஆனால் மருந்துச் செலவைத் தாங்கும். அக்கம்பக்கத்தில் கூட்டு பிடித்துச் சேர்க்கலாம் என்று எண்ணவேண்டாம். நம் தமிழ்ச் சொல்லையே பெயரில் தாங்கிய கூட்டு நிதித் தடைச் சட்டம் 1971-இல் வந்துவிட்டது. கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வது குற்றம், பணம் போனால் கேட்க நாதியில்லை.

நிறுவனம் சேரவேண்டிய பணத்தைத் தர மறுத்தால் முதலில் அதன் புகார்ப் பிரிவுக்கு எழுதுங்கள். இறுதிப் பதில் திருப்தி தராவிட்டால், 2025 ஜனவரி முதல் இயங்கிவரும் நிதிச் சந்தை ஒம்பட்ஸ்மன் சேவையிடம் செல்லலாம், கட்டணம் கிடையாது. ஆனால் இறுதிப் பதில் கிடைத்த 6 மாதத்துக்குள் போகவேண்டும். கடித உறையைக்கூட எறியாமல் வையுங்கள், தேதி முத்திரை அதில்தான் இருக்கும்.