சாலையில் நிற்கும் படகு

வெள்ளிக்கிழமை மாலை. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், கிழக்குக் கரையை ஒட்டி ஓடும் 95ஆம் எண் நெடுஞ்சாலை. பிக்கப் வண்டி ஒன்று போகிறது. அதன் பின்னால், இரண்டு சக்கர வண்டியொன்றில் ஏறி உட்கார்ந்தபடி 20 அடி நீளப் படகு வருகிறது. பக்கத்தில் வந்த காரிலிருந்து யாரோ கையை ஆட்டிக் காட்டுகிறார்கள். ஓட்டுகிறவர் கண்ணாடியில் பார்க்கிறார். பின்வண்டியின் சக்கரத்திலிருந்து புகை!

ஓரங்கட்டி நிறுத்துகிறார். அவருக்கு ஒரு தைரியம் உண்டு. சட்டைப்பையில் இரண்டு உறுப்பினர் அட்டைகள் இருக்கின்றன. ஒன்று, கார் நின்றுபோனால் வந்து இழுத்துப்போகும் சங்கத்தின் அட்டை. மற்றது, படகு நின்றுபோனால் வந்து இழுத்துப்போகும் சங்கத்தின் அட்டை. முதல் சங்கத்தைக் கூப்பிடுகிறார். பிக்கப்பை எடுத்துப்போகத் தயார், ஆனால் பின்வண்டி உங்கள் திட்டத்தில் சேராது என்கிறார்கள். இரண்டாவது சங்கத்தைக் கூப்பிடுகிறார். படகு தண்ணீரில் நின்றிருந்தால் உடனே வந்திருப்போம் என்கிறார்கள்.

ஆள் கற்பனைதான். சிக்கல் கற்பனையல்ல.

அந்தப் பின்வண்டிக்குப் பெயர் ட்ரெய்லர். ட்ரெய்லர் என்றதும் நமக்குச் சினிமா முன்னோட்டம் நினைவுக்கு வரும். இங்கே பேசுவது, காரின் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் வண்டியைப் பற்றி. அமெரிக்காவில் உல்லாசப் படகு என்றால் துறைமுகத்தில் மிதக்கும் பணக்காரக் கப்பல் என்று எண்ணிவிடக் கூடாது. அங்குள்ள பொழுதுபோக்குப் படகுகளில் ஏறக்குறைய 95 சதவீதம் 26 அடிக்கும் குறைவானவை என்று படகுத் தொழில்துறை சொல்கிறது. அதாவது ட்ரெய்லரில் ஏற்றி, வீட்டு வாசலில் நிறுத்தி வைக்கக்கூடியவை. எட்டரை அடி அகலத்தைத் தாண்டாதவரை நெடுஞ்சாலையில் தனி அனுமதிகூட வேண்டியதில்லை. இந்தப் படகுகளுக்குத் தரையில் ஒரு வாழ்க்கை, தண்ணீரில் ஒரு வாழ்க்கை. தண்ணீர் வாழ்க்கைக்கு மட்டும் காப்பு வாங்கிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள்தான் நெடுஞ்சாலை ஓரத்தில் விழிக்கிறார்கள்.

படகு இழுக்கும் சங்கம் என்பதே ஒரு விசித்திரமான ஏற்பாடு. அதன் பின்னணியைச் சொல்லியாக வேண்டும். எண்பதுகளின் தொடக்கம் வரை, கடலில் எஞ்சின் நின்றுபோனாலும் பெட்ரோல் தீர்ந்துபோனாலும் அமெரிக்கக் கடலோரக் காவல்படையே வந்து கட்டி இழுத்துப்போகும். செலவு அரசாங்கத்துடையது. 1982இல் அமெரிக்க நாடாளுமன்றம் இதில் கைவைத்தது. உயிருக்கு ஆபத்தில்லாத வேலையில் தனியார் தொழிலோடு காவல்படை போட்டியிட வேண்டாம் என்பது அதன் கருத்து. அடுத்த ஆண்டே, நியூயார்க் மாநிலத்தின் சவுத்தோல்டு என்ற ஊரில் ஜோ ஃப்ரோன்ஹோஃபர் என்பவர் ‘சீ டோ’ நிறுவனத்தைத் தொடங்கினார். அந்த ஊரின் விரிகுடாக் காவலராக இருந்தவர் அவர். 1966இல் பிறந்த ‘போட் யுஎஸ்’ என்ற படகு உரிமையாளர் சங்கமும் பின்னாளில் இந்தத் தொழிலில் இறங்கியது. வருடச் சந்தா கட்டினால், மாட்டிக்கொண்ட நேரத்தில் வந்து இழுப்பார்கள். இன்றும் நடுக்கடலில் வானொலியின் 16ஆம் அலைவரிசையில் ஒருவர் உதவி கேட்டால், உயிராபத்து இல்லை என்று தெரிந்ததும் காவல்படை செய்வது ஓர் அறிவிப்புதான்: இன்ன இடத்தில் ஒரு படகுக்கு உதவி தேவை, பக்கத்தில் யாராவது இருக்கிறீர்களா?

ஆக, இந்தச் சந்தாக்கள் கடலுக்கென்று பிறந்தவை. சாலை உதவி பிறகு ஒட்டிக்கொண்டது. போட் யுஎஸ்ஸில் அது கூடுதல் கட்டணத்துக்குக் கிடைக்கும் இணைப்பு. இழுக்கிற வண்டி நின்றாலும் சரி, ட்ரெய்லர் நின்றாலும் சரி, 100 மைல் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். கேட்கச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் கார் பழுதாகி, ட்ரெய்லர் நன்றாக இருக்கும்போது என்ன ஆகும் என்று யோசித்தால்தான் அதன் அருமை தெரியும். மேடை லாரியில் காரை ஏற்றிவிடலாம். படகை யார் இழுப்பது? காரோடு போனால் படகு அனாதையாக நிற்கும். படகோடு நின்றால் கார் யாரோ ஒருவரின் பட்டறைக்குப் போய்விடும். ஆகவே சேரும்போது கேட்க வேண்டிய கேள்வி ‘எத்தனை மைல்’ என்பதல்ல. இரண்டையும் கொண்டுபோவீர்களா என்பதுதான்.

சரி, அந்தப் புகை எங்கிருந்து வந்தது?

காரின் சக்கரம் தண்ணீருக்குள் முழுகுவதில்லை. படகு ட்ரெய்லருக்கோ அதுவே தொழில். நூறு மைல் ஓடிச் சூடேறிய சக்கரக் குடத்தை நேராகக் குளிர்ந்த நீரில் இறக்குகிறார்கள். உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்குகிறது. சீல் வழியே தண்ணீரை உறிஞ்சுகிறது. கிரீஸ் கெட்டு, பேரிங் துருப்பிடித்து, சில மாதங்களில் ஒரு வெயில் நாளில் சிக்கிக்கொள்கிறது. இதற்காகவே ஸ்பிரிங் வைத்த மூடி ஒன்று உண்டு. அது உள்ளே கிரீஸை எப்போதும் லேசான அழுத்தத்தில் வைத்திருக்கும்; தண்ணீருக்கு இடம் இருக்காது. விலை அதிகமில்லை. இருந்தும் நெடுஞ்சாலையோரம் பேரிங் புகைந்துகொண்டுதான் இருக்கிறது.

டயர் கதை இன்னொரு மாதிரி. படகு ட்ரெய்லரின் டயர் ஓடித் தேய்வதைவிட, நின்று வெயிலில் காய்ந்து வெடிப்பதே அதிகம். சாலை உதவிக்கு வருகிறவர் டயரை மாற்றித் தருவார், உண்மைதான். ஆனால் ஸ்டெப்னி உங்களுடையதாக இருக்க வேண்டும், அதில் காற்றும் இருக்க வேண்டும். கார் ஸ்டெப்னி பொருந்தாது. காரின் வீல் ஸ்பேனர்கூட ட்ரெய்லர் நட்டுக்குப் பொருந்தும் என்று நம்ப முடியாது. பழுது பார்க்கும் கூலியும் உதிரிபாகச் செலவும் சந்தாவில் வராது. இழுத்துப்போவதும் டயர் மாற்றுவது போன்ற உதவியும் மட்டுமே அவர்கள் பொறுப்பு.

தண்ணீரில் இறங்கிய பிறகும் ட்ரெய்லர் படகுக்கென்று ஒரு தனி நுணுக்கம் இருக்கிறது. துறையில் கட்டிக்கிடக்கும் படகுக்கு நீர் மாறுவதில்லை. ட்ரெய்லர் படகு இந்த வாரம் மிச்சிகன் ஏரியில், அடுத்த வாரம் கடல் விரிகுடாவில். சந்தாக்களோ நன்னீருக்கு ஒரு விலை, உப்புநீருக்கு ஒரு விலை என்று பிரிந்தவை. மலிவாக இருக்கிறதே என்று ஏரித் திட்டத்தை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனால் சிக்கல். இழுவைப் படகே இல்லாத சிறு ஏரிகளும் ஏராளம். நல்ல விஷயம் ஒன்றும் உண்டு: பெரிய சங்கங்களில் காப்பு ஒரு படகோடு மட்டும் நின்றுவிடுவதில்லை. நண்பரின் படகை இரவல் வாங்கிப் போனாலும் உறுப்பினருக்கு உதவி கிடைக்கும்.

இனி, தரையும் தண்ணீரும் சந்திக்கும் சரிவுத் தளம். படகை இறக்கும் இந்த இடத்தில்தான் சந்தாவின் எல்லை நன்றாகத் தெரிகிறது.

ட்ரெய்லர் படகின் பின்புறத்தில், அடியில் ஒரு சிறு ஓட்டை உண்டு. உள்ளே சேரும் மழைநீர் வடிய அது வேண்டும். படகை நீரில் விடுமுன் தக்கை போட்டு அடைக்க வேண்டும். மின்னசோட்டா மாநிலத்தில் படகைச் சாலையில் கொண்டுபோகும்போது தக்கையைக் கழற்றியே ஆக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. காரணம், எண்பதுகளில் கப்பல்கள் நிலைதடுமாறாமலிருக்க அடியில் நிரப்பும் தண்ணீரோடு ஐரோப்பாவிலிருந்து வட அமெரிக்கப் பேரேரிகளுக்குள் புகுந்த வரிக்குதிரைச் சிப்பி. ஓர் ஏரியின் தண்ணீர் மிச்சமாகப் படகில் தங்கினால், சிப்பிக் குஞ்சுகள் அடுத்த ஏரிக்குப் பயணம் போய்விடும். சட்டத்துக்குப் பயந்து தக்கையைக் கழற்றுகிறார்கள். ஏரியைக் கண்ட உற்சாகத்தில் திரும்பப் போட மறக்கிறார்கள்.

படகு இறங்குகிறது, பத்து நிமிடத்தில் பின்பக்கம் தாழ்கிறது. இழுவைச் சங்கத்துக்குப் போன் போகிறது. வருகிறவர் பம்புடன் வருகிறார், தண்ணீரை இறைத்து மிதக்க வைக்கிறார். சந்தாவில் தீர்ந்தது என்று உரிமையாளர் நினைப்பார். தீராது. மூழ்கும் படகைக் காப்பாற்றுவது இழுவை அல்ல, கடல் சட்டப்படி அது மீட்பு. எஞ்சின் நின்ற படகை இழுப்பதும், அலையடிக்காத மணல்திட்டில் லேசாகத் தட்டியதை ஒரே படகு சில நிமிடங்களில் இழுத்துவிடுவதும் சந்தாவுக்குள் அடங்கும். ஆபத்திலிருந்து காப்பாற்றினால், காப்பாற்றப்பட்ட பொருளின் மதிப்பையும், ஆபத்தின் அளவையும், மீட்டவரின் திறமையையும் பார்த்துக் கூலி நிர்ணயமாகும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1869இல் ‘பிளாக்வால்’ என்ற கப்பல் வழக்கில் வகுத்த அளவுகோல்கள் இவை. 1989ஆம் ஆண்டின் பன்னாட்டு மீட்பு ஒப்பந்தமும் இதே தடத்தில்தான் போகிறது. அந்தக் கூலியைத் தர வேண்டியது படகின் காப்பீடு. காப்பீடு இல்லையென்றால் உரிமையாளரின் பணப்பை. கயிறு கட்டுமுன் ‘இது இழுவையா, மீட்பா’ என்று கேட்டுக்கொள்ளும்படி அனுபவப்பட்டவர்கள் சொல்வது இதனால்தான்.

சிலர் அந்தத் தக்கையைக் கார்ச் சாவி வளையத்திலேயே கோத்து வைத்திருக்கிறார்கள். சரிவுத் தளத்தில் காரை அணைத்துச் சாவியை உருவும்போது, இரண்டும் சேர்ந்தே கைக்கு வரும்.