குட்டானும் பனங்கட்டியும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில், 1990களில் கல்வி கற்ற வகுப்பொன்றின் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



வகுப்பின் சார்பில் பேசும்படி கேட்டபோது, எதைப் பேசுவது என்று நாங்கள் பல நாட்கள் தொலைபேசியில் கதைத்தோம். ஆளுக்கொரு நினைவு சொன்னோம். எல்லோருக்கும் பொதுவாக நின்றது ஓர் ஆங்கிலப் பாடம்தான். ஒரு பொருள் எதனால் செய்யப்பட்டது என்று சொல்லும்போது எந்தச் சொல்லை வைப்பது என்ற பாடம்.

அதிலே நாங்கள் எல்லோரும் பிழைவிட்டோம். காரணம் எங்கள் தமிழிலேயே இருந்தது. மண்ணால் செய்த குடம் என்கிறோம். சக்கரத்தால் வனைந்த குடம், குயவனால் வனையப்பட்ட குடம் என்றும் சொல்கிறோம். முதற்கருவி, துணைக்கருவி, கருத்தா என்று இலக்கணம் பிரித்துச் சொன்னாலும் ‘ஆல்’ என்ற உருபு ஒன்றுதான். ஆங்கிலத்திலோ சொல்லே மாறவேண்டும். குயவனுக்கு ‘பை’, மண்ணுக்கு ‘ஒவ்’. அதுவரை விளங்கியது. ‘ஃப்ரொம்’ எங்கே வருகிறது என்பதுதான் விளங்கவில்லை.

ஒருநாள் ரீச்சர் பனங்கட்டிக் குட்டான் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

“குட்டானைப் பாருங்கோ. ஓலை தெரியுதோ?”

“ஓம் ரீச்சர்.”

“அப்ப, மேட் ஒவ்.”

குட்டானைப் பிரித்துப் பனங்கட்டியை எடுத்தார்.

“இதில கருப்பநீர் தெரியுதோ?”

தெரியவில்லை. சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறக்கி, காய்ச்சி, இறுகவிட்ட பிறகு நீர் எங்கே தெரியப்போகிறது?

“அப்ப, மேட் ஃப்ரொம்.”

பிறகு பனங்கட்டியை உடைத்து ஆளுக்கொரு துண்டு தந்தார். அந்த இனிப்போடு பாடமும் உள்ளே போனது. மூலப்பொருள் மாறாமல் கண்ணுக்குத் தெரிந்தால் ‘ஒவ்’. உருமாறிப் போயிருந்தால் ‘ஃப்ரொம்’. பலகையால் செய்த கதிரைக்கு ‘ஒவ்’, மரத்திலிருந்து வரும் கடதாசிக்கு ‘ஃப்ரொம்’. தயிருக்கும் ‘ஃப்ரொம்’தான். ஆங்கிலேயர் பேச்சில் இந்த எல்லையைச் சிலவேளை தாண்டுவார்கள் என்பதைப் பின்னர் அறிந்தோம். ஆனாலும் படிக்கிற பிள்ளைக்கு இது நல்ல ஊன்றுகோல்.

‘அவுட் ஒவ்’ என்பதைப் படிக்க எங்களுக்கு உதாரணம் தேடவேண்டியிருக்கவில்லை. ஒன்றாக இருந்ததை எடுத்து இன்னொன்றாக ஆக்கினால் அந்தச் சொல் பொருந்தும். அது மின்சாரம் இல்லாத காலம். மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. வெறும் ஜாம் போத்தல் எங்களுக்கு விளக்கானது. அம்மாவின் பழஞ்சேலை புத்தகப் பையானது. அந்த விளக்கின் முன்னால் நாலு பேர் தலையைக் கவிழ்த்து இருந்துதான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தோம். ஆங்கிலத்தில் ‘அவுட் ஒவ்’ என்று கேட்டால் இன்றும் எங்களுக்கு மண்ணெண்ணெய்ப் புகைதான் மணக்கிறது.

‘வித்’ என்ற சொல்லை மட்டும் நாங்கள் வெளிநாட்டில் படித்தோம். கனடாவில் பிள்ளைகளின் பாடசாலை உணவு விழாவுக்கு எங்களில் ஒருத்தி பனங்காய்ப் பணியாரம் சுட்டுக்கொண்டு போனாள். ஊரிலிருந்து போத்தலில் வந்த பனங்களி. ரீச்சர் சொன்னபடி, பனம்பழத்தின் பெயருக்கு முன்னால் ‘மேட் ஃப்ரொம்’ என்று அழகாக எழுதி வைத்தாள். ஒரு தாய் வாங்கிப் பிள்ளையின் கையில் கொடுக்கப்போனவர், ஏதோ யோசித்து, “வேறு ஏதும் சேர்ந்திருக்கிறதா?” என்று கேட்டார். கோதுமை மா இருக்கிறது என்றதும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. அந்தப் பிள்ளைக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது.

அட்டையில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் ‘ஃப்ரொம்’ என்று ஒரு பழத்தை மட்டும் சொன்னால், முழுவதும் அதிலிருந்தே வந்தது என்று வாசிப்பவர் நினைக்க இடமுண்டு. பலது சேர்ந்த பண்டத்தில் என்னென்ன போட்டோம் என்று சொல்ல ‘வித்’ வேண்டும். எங்கள் தோழி அங்கேயே அட்டையைத் திருப்பி, ‘மேட் வித்’ என்று தொடங்கி, பனங்களி, கோதுமை மா, சீனி எல்லாவற்றையும் எழுதினாள். ஆங்கிலம் பெருமைக்குரிய மொழி என்று நினைத்து வளர்ந்தவர்கள் நாங்கள். எதிரே நிற்பவருக்குத் தெரியவேண்டியதைச் சரியாகச் சொல்வதற்கே மொழி என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

ரீச்சர் இன்று எங்களோடு இல்லை. இருந்திருந்தால் ஒரு கேள்வி கேட்டிருப்பார்: “இந்தச் சங்கத்துக்கு எந்தச் சொல்?” ஆட்கள் சேர்ந்து ஆகும் ஒன்றுக்கு ‘மேட் அப் ஒவ்’. ஒவ்வொருவரையும் எண்ணிச் சேர்க்கும் சொல் அது. இடம்பெயர்வில் பிரிந்து, எங்கே என்று தெரியாமல் போன தோழிகள் எங்கள் வகுப்பிலும் இருக்கிறார்கள். உங்கள் வகுப்புகளிலும் இருப்பார்கள். அவர்களின் தொடர்பு தெரிந்தவர்கள் தயவுசெய்து சங்கத்துக்கு அறியத்தாருங்கள். அவர்களையும் சேர்த்தால்தான் இந்தக் கணக்குச் சரிவரும்.

வாசலில் ஆளுக்கொரு குட்டான் வைத்திருக்கிறோம். மறக்காமல் எடுத்துக்கொண்டு போய், பிள்ளைகளுக்கு முன்னால் பிரித்துக் காட்டுங்கள்.