பூனார்காவில் ஒரு பூச்சிக்கு மண்டபம்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், பிரிஸ்பேனிலிருந்து மேற்கே வாரிகோ நெடுஞ்சாலையில் போனால், தர்ப்பூசணிக்குப் பேர்போன சின்சில்லாவுக்குச் சற்று முன்னால் பூனார்கா என்ற சிற்றூர் வரும். அங்கே சாலையோரமாக ஒரு மர மண்டபம், 1936-இல் திறந்தது. அது தாங்கியிருப்பது எந்தத் தலைவரின் பெயரும் அல்ல. காக்டோபிளாஸ்டிஸ் என்ற அந்துப்பூச்சியின் பெயர்.

பார்வைக்கு எடுபடாத பூச்சிதான். சிறகு விரித்தால் ஓர் அங்குலம், சொச்சம். முன்சிறகு சாம்பல் கலந்த பழுப்பு, அதில் நெளிநெளியாய்க் கருங்கோடுகள், பின்சிறகு வெளுப்பு. வளர்ந்த பூச்சி எதையும் தின்பதில்லை, சில நாள்களில் மடிந்துவிடும்.

தின்பதெல்லாம் புழு. அதுவும் சப்பாத்திக்கள்ளியை. தாய்ப்பூச்சி முட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி அடுக்குகிறது. எழுபது, எண்பது முட்டை சேர்ந்த அந்தக் குச்சி அசல் கள்ளிமுள்ளாகவே தெரியும். பொரிந்த புழுக்கள் கூட்டமாக ஒரே இடத்தில் தோலைத் துளைத்து மடலுக்குள் நுழைகின்றன. உள்ளே சதையைத் தின்று தீர்த்து, வெறுந்தோலை விட்டுவிட்டு அடுத்த மடலுக்குப் போகின்றன. செம்மஞ்சள் உடலில் கரும்பட்டைகளோடு பருத்த புழு கடைசியில் கீழிறங்கி, சருகுக்கடியில் வெண்கூடு கட்டும்.

இந்தப் பசிதான் அங்கே நிலத்தை மீட்டது. 1925 வாக்கில் குயின்ஸ்லாந்திலும் நியூ சவுத் வேல்ஸிலும் கள்ளி மண்டிய நிலம் ஏறத்தாழ 6 கோடி ஏக்கர். வெட்டினாலும் மடல் விழுந்த இடத்தில் முளைத்தது. குடியானவர்கள் பண்ணைகளைப் போட்டுவிட்டுப் போனார்கள். அந்த ஆண்டில் ஆலன் டாட் என்ற பூச்சியியலாளர், பூச்சியின் தாயகமான அர்ஜென்டினாவிலிருந்து சுமார் 3,000 முட்டைகளைக் கொண்டுவந்தார். பெருக்கி, 1926 முதல் கோடிக்கணக்கில் பரப்பினார்கள். 1933-க்குள் கள்ளிக்காட்டின் பெரும்பகுதி அழுகிச் சாய்ந்தது. குடியானவர்கள் திரும்பினார்கள்.

ஆனால் இதே பூச்சியைக் கள்ளியின் சொந்த மண்ணில் விடுவது பெரும் தவறு. 1957-இல் கரீபியத் தீவான நெவிசில் களையாய் மண்டிய கள்ளியை ஒழிக்கவென விட்டார்கள். 1989-இல் அது புளோரிடாவில் தென்பட்டது. அங்கேயே தோன்றிய அரிய கள்ளிகள் இன்று ஆபத்தில் இருக்கின்றன. மெக்சிகோவுக்கோ சப்பாத்திக்கள்ளி அன்றாடக் கறி, தேசியக் கொடியிலும் இருக்கும் செடி. 2006-இல் அந்நாட்டின் முகேரஸ் தீவில் பூச்சி வந்திறங்கியதும் தாக்குண்ட செடிகளை வெட்டி அழித்தார்கள், பொறி வைத்துத் தேடினார்கள். 2009-இல் அதை ஒழித்துவிட்டதாக மெக்சிகோ அறிவித்தது.