அண்ணனின் கையும் ஒரு ஸ்கேனும்
(நமது சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். என் பெரியப்பா மகன் கைக்கு வந்த கதையைச் சொல்லச் சொன்னார்கள், சொல்கிறேன்.

அண்ணன் பட்டு நெசவாளர். ராத்திரி இரண்டு மணிக்கு வலது கை மரத்துப்போய் எழுந்துவிடுவார். உதறினால் கொஞ்சம் சரியாகும். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல், மோதிர விரலில் பாதி, இவ்வளவும் மரக்கும். சுண்டு விரலுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. நம் ஊரில் பாதிப்பேர் இதை வாயு என்பார்கள். டாக்டர் கார்பல் டன்னல் என்றார்.

மணிக்கட்டில் ஒரு குறுகிய சுரங்கம் இருக்கிறது. கீழே எலும்புகள், மேலே ஒரு கெட்டியான தசைநார். அதற்குள் 9 தசைநாண்களும் மீடியன் என்ற நரம்பும் போகின்றன. இடம் நெருக்கடியானால் அடிபடுவது நரம்புதான். சுண்டு விரல் நரம்பு வேறு வழியில் போவதால் தப்பித்துக்கொள்கிறது. சர்க்கரை, தைராய்டு குறைவு, கர்ப்பம், கையை அழுத்தி ஓயாமல் செய்யும் வேலை எல்லாம் காரணமாகலாம்.

அறுவை சிகிச்சையில் மேலே இருக்கும் அந்தத் தசைநாரை அறுத்து இடம் விடுகிறார்கள். ராத்திரி வலி ஒரே வாரத்தில் போய்விட்டது. ஆனால் மூன்று மாதமாகியும் விரல் நுனியில் உணர்வு இல்லை. அறுந்த இழையைப் பிணைக்க முடியாதவருக்குத் தறியில் என்ன வேலை? "ஆபரேஷன் பலிக்கவில்லை, மறுபடி அறுக்க வேண்டும்" என்று ஒருவர் சொல்லிவிட்டார். அண்ணன் தறியையே விற்க விலை பேச ஆரம்பித்தார்.

அப்போது வேறொரு டாக்டர் மணிக்கட்டில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்தார். வயிற்றுக்கு எடுக்கிறார்களே, அதே வகைதான். கதிர்வீச்சு கிடையாது, ஊசி கிடையாது. நெருக்கப்பட்ட நரம்பு சுரங்க வாயிலில் வீங்கி நிற்கும். அதன் குறுக்குப் பரப்பை அளக்கிறார்கள். சுமார் 10 சதுர மில்லிமீட்டருக்கு மேல் போனால் சந்தேகம். அண்ணனுக்கு ஆபரேஷனுக்கு முன்பு 17, இப்போது 13. தசைநார் முழுதாக அறுபட்டிருந்தது, தழும்பு நரம்பைப் பிடித்து இழுக்கவில்லை. மறுபடி அறுக்க அவசியமே இல்லை.

எங்கள் பாஷையில் சொன்னால், ஆரம்ப இருப்பு தெரியாமல் இறுதி இருப்பை வைத்து என்ன செய்வது? முன்பு எடுத்த 17 கையில் இருந்ததால்தான் 13 நல்ல செய்தியானது. வெறும் 13-ஐ மட்டும் பார்த்தால் இன்னும் வீக்கம் என்றுதான் தோன்றும். ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் முதலிலேயே ஒரு அளவு எடுத்து, ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஸ்கேன் நரம்பின் உருவத்தைக் காட்டும், அது வேலை செய்கிறதா என்று காட்டாது. அதற்கு மின்சாரம் வைத்துப் பார்க்கும் நரம்புக் கடத்தல் சோதனை இருக்கிறது. கை நன்றாகிவிட்டவர்களுக்கும் பல சமயம் அளவு பழைய நிலைக்கு வருவதில்லை. ஆகவே எண்ணைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். சிதைந்த நரம்பு இழை ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். மணிக்கட்டிலிருந்து விரல் நுனி 18 சென்டிமீட்டர் என்று வையுங்கள், கணக்கு ஆறு மாதம் வருகிறது. மூன்றாம் மாதத்தில் அண்ணன் அவசரப்பட்டது எவ்வளவு தப்பு, பாருங்கள்.

கை விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். பக்கத்து வேலூர் சி.எம்.சி.க்கு 1946-இல் வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்திக் காட்டியவர். தொழுநோயிலும் நரம்பு தடிக்கும். அந்தத் தடிப்பையும் இன்று இதே ஸ்கேனில் அளக்கிறார்கள்.

அண்ணன் இப்போது இழை பிணைக்கிறார். கட்டை விரல் அடியில் வற்றிய சதை முழுதாக நிரம்பவில்லை. ரொம்ப நாள் தள்ளிப்போட்டதன் பலன் அது. கடைசி அளவு 12. இனி ஸ்கேன் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாலையில் மட்டும் மருமகள் தறியில் உட்காருகிறாள். யாருக்காவது சந்தேகம் இருந்தால் கேளுங்கள், ரிப்போர்ட்டுகளை ஜெராக்ஸ் எடுத்துக் கொண்டுவந்திருக்கிறேன்.